உரியும் முகத்தோடு மலையேறினேன்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அழகுக்கு ஆசைப்பட்டு நான் முகத்தை உரித்துக்கொள்ளவில்லை. மனைவிக்காக உரித்துக்கொண்டேன். ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. "மக கல்யாணத்துல மாப்பிள்ளையவிட மாமனாருக்குத்தான் அவசரம்" என்று டீக்கடையில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களில் பாதிப் பேர் என் காதுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தவர்கள். அந்தக் கதை பிறகு வரும்.

என் மனைவிக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு, கருந்திட்டாக. மகன் வயிற்றில் இருந்தபோது வந்தது. வயிற்றில் இருந்தவன் வளர்ந்து கோயம்புத்தூருக்கு வேலைக்கே போய்விட்டான், மங்கு மட்டும் எங்கேயும் போகவில்லை. கொல்லிமலையில், வளப்பூர் நாட்டில் எங்களுக்குக் கொஞ்சம் மிளகு, கொஞ்சம் மரவள்ளி. பகல் முழுக்க வெளியில்தான் வேலை. வெயில் ஏற ஏற மங்கும் ஏறியது. யாராவது போனை நீட்டிப் போட்டோ எடுக்க வந்தால் போதும், முந்தானையை இழுத்து வாயைத் துடைப்பதுபோலக் கன்னத்தை மறைத்துக்கொள்வாள். எங்கள் வீட்டு விசேஷப் போட்டோக்கள் எல்லாவற்றிலும் அவள் வாய் துடைத்துக்கொண்டுதான் நிற்கிறாள். தெரியாதவர்கள் பார்த்தால், பாவம், பந்தியிலிருந்து பாதியில் இழுத்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைப்பார்கள்.

மகளுக்கு வைகாசியில் கல்யாணம் முடிவாகியிருந்தது. தை மாதம் அவள் சேலத்திலிருந்து வந்திருந்தாள். அம்மாவும் மகளும் களத்தில் மிளகு கிளறிக்கொண்டிருந்தார்கள். நான் தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் படுத்திருப்பது அவர்களுக்குத் தெரியாது.

"இந்தத் தடவையாச்சும் மூஞ்சியத் தொறந்துட்டு நிக்கோணும் கண்ணு. உன் கல்யாணப் போட்டோவுலயும் நான் வாயத் தொடச்சுட்டு நின்னா நல்லாவா இருக்கும்?"

வேடிக்கைக்காரன் என்று பேர் வாங்கியவன் நான். அன்றைக்கு அவர்கள் எழுந்து போகும்வரை அசையாமல் படுத்திருந்தேன்.

மகள் சேலத்தில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கினாள். கெமிக்கல் பீல் என்றாள். அதாவது முகத்தில் ஒரு ஆசிட்டைத் தடவுவார்கள், மேல்தோல் மெல்ல உரியும், அடியிலிருந்து புதுத்தோல் வரும். எனக்கு இரண்டு ஆசிட்தான் தெரியும். ஒன்று டிராக்டர் பேட்டரிக்கு ஊற்றுவது, இன்னொன்று கக்கூஸுக்கு ஊற்றுவது. இரண்டில் எதை என் பெண்டாட்டி முகத்தில் ஊற்றப் போகிறார்கள் என்று பஸ்ஸில் சேலம் போய்ச் சேரும்வரை கேட்டுக்கொண்டே வந்தேன். தாயும் மகளும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

டாக்டரம்மா எங்கள் மகளைவிடப் பத்து வயது கூட இருப்பார். அவசரமே இல்லாதவர். என் மனைவியின் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "என்ன கிரீம் போடறீங்கம்மா?" என்றார். அவள் பையிலிருந்து ஒரு டியூபை எடுத்து நீட்டினாள். மெடிக்கலில் கேட்டு வாங்கி வருடக்கணக்கில் தடவுவது. டாக்டரம்மா அதைத் திருப்பிப் படித்ததும் முகம் மாறியது.

"இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா. தோலையே மெலிசாக்கி வெச்சிருக்கு. இது மேல பீல் போட்டா புண்ணாயிடும். முதல்ல இதை நிறுத்தணும். தோல் தேறட்டும், அப்புறம் பார்க்கலாம். கல்யாணத்துக்கு நெருக்கத்துல மட்டும் போட மாட்டேன், அதுக்கு நல்லா முன்னாடியே முடிச்சுடணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஐயாவுக்கும் நெத்தி, கன்னமெல்லாம் வெயில் கருப்பு நிறைய இருக்கே."

என் மனைவி சட்டென்று நிமிர்ந்தாள். பலாப்பழக்காரனிடம் ஒரு கீறல் போட்டுக் காட்டச் சொல்லுகிற அதே குரல்.

"அப்ப மொதல்ல இவருக்குப் பண்ணுங்க டாக்டர். இவரு மூஞ்சி என்ன ஆகுதுன்னு பாத்துட்டு நான் பண்ணிக்கிறேன்."

நான் மறுத்திருக்கலாம். தார்ப்பாய்க்குப் பின்னால் கேட்ட பேச்சு விடவில்லை. "போடுங்க டாக்டர், இந்த மூஞ்சி இதுக்கு மேல கெட என்ன இருக்குது" என்று பெரிய மனுஷன்போலச் சொன்னேன். கால் இரண்டும் மேசைக்கு அடியில் தாளம் போட்டதை மகள் பார்த்துவிட்டாள்.

டாக்டரம்மா கேள்வி மேல் கேள்வி கேட்டார். உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வருமா? காயம் ஆறினால் தழும்பு தடித்துக்கொள்ளுமா? வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறேனா? நம் நிறத்துத் தோலுக்கு லேசான பீல்தான் போட வேண்டும், ஆழமாகப் போனால் வெளுப்பதற்குப் பதிலாகக் கறுத்துவிடும் என்றார். அன்றைக்கே போட்டுவிடவும் இல்லை. காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு தடவி, ஏதாவது ஆகிறதா என்று சில நாள் பார்க்கச் சொல்லி அனுப்பினார்.

காதுக்குப் பின்னால் நடப்பதை எந்த மனிதனாவது தானே பார்க்க முடியுமா? ஊரில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் காதை மடக்கிக் காட்டினேன். டீக்கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "ரெண்டு காதும் இருக்குதுங்க. வேற என்னத்தப் பாக்கோணும்?" என்றார். என் மச்சினன், மனைவியின் தம்பி, செல்போன் லைட்டை அடித்துப் பார்த்தான். "மாமா, நெசமாவே ஒண்ணுமில்லீங்க. ஆனா ரொம்ப நாளா அங்க சோப்புப் போடலீங்களாட்ட இருக்குது." இந்தச் செய்தி மலையில் குண்டூர் நாடு வரைக்கும் போனது.

சோதனையில் நான் தேறிவிட்டேன். தேறாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டதை யாரிடமும் சொல்லவில்லை.

மாசி தொடக்கத்தில் பீல் போட்டார்கள். படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, குச்சிப் பஞ்சால் தடவினார்கள். சிற்றெறும்புக் கூட்டம் ஒன்று நெற்றியில் ஊர்வலம் கிளம்பியது, பிறகு கன்னத்துக்கு இறங்கியது. நர்ஸம்மா கையிலிருந்த சின்ன விசிறி காற்றடித்துக்கொண்டிருந்தது. "எரியுதுங்களா?" "எரியுது." "எவ்வளவு எரியுது, பத்துக்கு எத்தனை?" "பயத்தையும் சேர்த்தா, பயத்த விட்டுட்டா?" அந்த அம்மாள் சிரித்ததில் விசிறி வேறு பக்கம் போய்விட்டது. சீக்கிரமே ஆசிட்டை அடக்குகிற திரவத்தைத் தடவி, குளிர்ந்த தண்ணீரில் துடைத்துவிட்டார்கள். அவ்வளவுதான். ஊருக்கே சொல்லிவிட்டு வந்த காரியம் இவ்வளவு சீக்கிரம் முடிந்ததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

டாக்டரம்மா சொல்லி அனுப்பியதை இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். தோல் உரியும், உரிக்கக் கூடாது. தானாக விழட்டும். தேய்க்கக் கூடாது, சவரம் கூடாது, அவர் தந்த களிம்பும் சன்ஸ்கிரீனும் தவிர எதையும் தடவக் கூடாது. வெயில் கூடவே கூடாது, தொப்பியோ குடையோ வேண்டும். "மலையில பனிமூட்டமாத்தானே இருக்கும் டாக்டர்?" என்றேன். "மூட்டமா இருந்தாலும் வெயில் வரும் ஐயா, உங்க கண்ணுக்குத்தான் தெரியாது."

கண்ணுக்குத் தெரியாத வெயில்! எனக்கு அது போதும். கண்ணுக்குத் தெரிந்தவற்றுக்கே பயப்படுகிறவன் நான்.

திரும்பும் பஸ்ஸில் நிழல் பக்கமாகத்தான் உட்கார்ந்தேன். அடிவாரம் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பியதும் வெயில் என் மடிக்கு வந்துவிட்டது. எழுந்து எதிர்ச் சீட்டுக்குப் போனேன். அடுத்த வளைவு. வெயிலும் எழுந்து எதிர்ச் சீட்டுக்கு வந்தது. கொல்லிமலைப் பாதையில் எழுபது வளைவு என்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு வளைவுக்கும் நான் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பாய்ந்துகொண்டிருந்தேன். ஒருமுறை ஒரு அம்மாளின் அன்னாசிப்பழக் கூடை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கண்டக்டர் வந்தார். "ஏனுங்க, வயித்தப் பொரட்டுதுங்களா? கவர் தரட்டுங்களா?"

"வயிறு நல்லா இருக்குதுங்க. வெயிலு..."

"வெயிலா?" அவர் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி திரும்பினார். "கேட்டுக்குங்க, மலைக்காரரு வெயிலுக்குப் பயந்து ஓடறாரு!"

மனைவி மடியிலிருந்த குடையை எடுத்துக் கொடுத்தாள். ஓடுகிற பஸ்ஸுக்குள் குடையை விரித்தேன். அதற்குப் பிறகு கண்டக்டர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டொரு நாளில் தோல் உரிய ஆரம்பித்தது. முதலில் வாயோரம், பிறகு மூக்கோரம், பிறகு நெற்றி. பழைய வெள்ளையடிப்பு பெயர்கிற சுவர்போல இருந்தேன். தொங்குகிற தோலைப் பார்த்துக்கொண்டு பிய்க்காமல் இருப்பதைவிடக் கடினமான காரியம் ஒன்றை இந்த வயதுவரை நான் செய்ததில்லை. கை தானாக மேலே போகும். மனைவி எங்கிருந்தோ வந்து மணிக்கட்டைப் பிடிப்பாள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என் முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்ப்பாள். தன் கன்னத்தை ஒருமுறை தொட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அவள் அதற்குள் அந்த டியூபைக் குப்பையில் போட்டிருந்தாள். அவளுடைய முடிவு என் மூஞ்சியில்தான் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. அதனால்தான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

வீட்டுக்குள்ளேயே எத்தனை நாள் உலாத்துவது? மிளகுப் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் இன்று நான் உன் தோட்டத்துக்கு, நாளை நீ என் தோட்டத்துக்கு என்றுதான் வேலை நடக்கும். மச்சினன் தோட்டத்தில் பறிக்கிற நாளில் நான் போகாவிட்டால், நாளைக்கு என் கொடியில் மிளகு பழுத்து உதிர்வதை நான்தான் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். முந்தின நாள் வெயில் சாய்ந்ததும் மனைவியிடம் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் எங்கள் தோட்டத்தில் சரம் பறித்துவிட்டு வந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. தைரியம் வந்துவிட்டது.

அன்று காலை அவள் மரவள்ளிக் காட்டுக்குப் போனதும் கிளம்பினேன். டாக்டர் சொன்னதை மீறவில்லை என்பதுதான் என் கட்சி. மகன் விட்டுப்போன தொப்பி நெற்றியை மறைத்தது. கண்ணுக்குக் கீழே தாடைவரைக்கும் தோளில் கிடந்த துண்டால் இறுக்கிச் சுற்றிப் பின்னால் முடிச்சுப் போட்டேன். எங்கள் ஆட்களுக்குத் துண்டு இல்லாமல் ஒரு வேலையும் ஓடாது. தலைக்கு, இடுப்புக்கு, வேர்வைக்கு, பை இல்லாத நேரத்தில் பைக்கு.

மச்சினன் தோட்டத்தில், மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஏணியில் பாதி ஏறியிருப்பேன். கன்னம் இரண்டும் சுள்ளென்றது. வெயில் உள்ளே வருகிறது என்று துண்டை இன்னும் இறுக்கினேன். இன்னும் எரிந்தது. இன்னும் இறுக்கினேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது, அதாவது விளங்கியதாக நினைத்தேன். உள்ளே ஒளிந்திருந்த ஆசிட் இப்போது முழித்துக்கொண்டு மிச்ச வேலையைப் பார்க்கிறது! அடுத்து எலும்புதான். "மச்சான், என் மூஞ்சி போச்சுடா!" என்று கத்திக்கொண்டே இறங்கினேன். இறங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது.

எங்கள் ஊரில் போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது பஸ் நிறுத்தத்தை ஒட்டிய பாறை மேல்தான். அங்கே ஓடினேன். பின்னால் மச்சினன். என் சத்தம் கேட்டு மரவள்ளிக் காட்டிலிருந்து மனைவி. பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பாறை மேல் ஏறி நின்று வீடியோவில் டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். துண்டை அவிழ்த்ததும் சுற்றி நின்றவர்கள் "அய்யய்யோ" என்றார்கள். கன்னம் இரண்டும் மிளகாய்ப்பழ நிறம்.

"தேங்காயெண்ண தடவுங்க" என்றது ஒரு குரல். "மஞ்சளக் கொழச்சுப் பூசுனா நின்னுரும்." "சுண்ணாம்பு வெச்சா இழுத்துருங்க!"

"யாரும் எதையும் தடவக் கூடாது!" போனுக்குள்ளிருந்து டாக்டரம்மா போட்ட சத்தத்தில் சுண்ணாம்புக்காரர் இரண்டடி பின்னால் போனார். "ஐயா, பதறாதீங்க. முகத்துல என்ன பட்டுச்சு?"

"ஒண்ணுமே படலீங்க டாக்டர். வெயிலுகூடப் படலீங்க. துண்டு சுத்தியிருந்தேன்."

"அந்தத் துண்டைக் காட்டுங்க."

போனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். மனைவி அதைப் பிடுங்கினாள். ஒரு முனையில் கெட்டியாக ஒரு முடிச்சு இருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். உள்ளே நசுங்கிப்போன பச்சை மிளகுச் சரங்கள்.

"நேத்து ரசத்துக்குக் கேட்டனே, மறந்துட்டேன்னீங்களே!"

பறிக்க மறக்கவில்லை, கொடுக்கத்தான் மறந்திருக்கிறேன். பறித்து, துண்டில் கட்டி, தோளில் போட்டுக்கொண்டு வந்து, அதன் மேலேயே தலை வைத்துத் தூங்கி எழுந்திருக்கிறேன். சாறு துண்டு முழுக்க இறங்கியிருக்கிறது. மற்ற ஊர்க்காரனாக இருந்தால் மூக்கிலேயே கண்டுபிடித்திருப்பான். மாசி மாதத்தில் எங்கள் காற்றே மிளகு வாசம்தான், எங்கள் மூக்கு அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. புதுத்தோல் கணக்கில் எடுத்துக்கொண்டது.

"மாமா மூஞ்சிலயே ரசம் வெச்சுட்டாருங்கோ" என்றான் மச்சினன். பாறை அதிர்ந்தது. பஸ் வந்து நின்றும் ஒருவரும் ஏறவில்லை.

டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. சுத்தமான தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவச் சொன்னார். தேய்க்கக் கூடாது, ஐஸ் வைக்கக் கூடாது, வாசலின் மட்டும் மெல்லப் பூச வேண்டும், தினமும் போட்டோ அனுப்ப வேண்டும். கொப்புளம், சீழ், காய்ச்சல் எதுவானாலும் உடனே கிளம்பி வர வேண்டும். "எரிச்சல் அடங்கிடும். ஆனா கொஞ்ச நாள் அந்த இடம் கறுக்கும் ஐயா. போகும், மாசக்கணக்குல ஆகும்."

வீட்டுக்கு நடக்கும்போது மனைவி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள். "எனக்கு வேண்டாமுங்க. பழகுன மங்கு. அதோடயே நின்னுக்கறேன்."

சிரிக்கவைப்பதற்கு நான் வாயைத் திறந்தேன். கன்னம் இழுத்துப் பிடித்தது. மூடிக்கொண்டேன்.

கறுத்தது. டாக்டரம்மா சொன்னபடியே இரண்டு கன்னத்திலும் காப்பிக்கொட்டை நிறத்தில் திட்டுத் திட்டாக. சேலத்துக்குப் போய்க் காட்டினேன். பொறுமை, சன்ஸ்கிரீன், வேறு எதுவும் வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு நான் இருந்த ஒழுக்கத்துக்குச் சாமியாரே வெட்கப்பட வேண்டும். ஜன்னல் வெளிச்சம் விழுந்தால்கூட நாற்காலியை நகர்த்தினேன். மூட்டமான நாளிலும் சன்ஸ்கிரீன். கண்ணாடியை எடுப்பதும் வைப்பதும்தான் தொழில். என் மூஞ்சிக்காக இல்லை. அவள் மறுபடி முந்தானையை இழுத்துப் பழக ஆரம்பித்திருந்தாள். யாரும் போட்டோ எடுக்காதபோதும்.

பங்குனியில் ஒரு மாலை, வாசலின் டப்பாவை எடுத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். பூசவில்லை. என் தலைமுடியை ஒதுக்கிவிட்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஆட்காட்டி விரலால் கண்ணுக்குக் கீழே, துண்டு கட்டியிருந்த இடத்தில், இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை ஒரு கோடு இழுத்தாள்.

"இந்தக் கோட்டுக்கு மேல டாக்டர் பண்ணது. கீழ நீங்க பண்ணது."

கண்ணாடியை எடுத்தேன். அத்தனை நாளும் நான் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். தொப்பி மறைத்திருந்த நெற்றியில் பழைய கருப்பு பாதிக்கு மேல் இறங்கி, தோல் வழவழவென்று இருந்தது. அது எப்போது நடந்தது என்றே எனக்குத் தெரியாது.

"பாறைக்குப் போயி டாக்டருக்குப் போனப் போடுங்க. நான் வாரேன்னு சொல்லுங்க." நான் எழுந்தேன். "அந்தத் துண்ட இங்க வெச்சுட்டுப் போங்க."

டியூபை நிறுத்தி நாளாகியிருந்ததால் தோல் தேறிவிட்டது என்றார் டாக்டரம்மா. காதுக்குப் பின்னால் சொட்டு வைத்துப் பார்த்து, லேசாகப் போட்டு, இடைவெளி விட்டு இன்னொரு முறையும் போட்டார். மங்கு மொத்தமாகப் போகாது, வெயிலில் விட்டால் திரும்பும் என்பதையும் சொல்லித்தான் போட்டார். பஸ்ஸில் அவளை எந்த வளைவில் எந்தச் சீட்டுக்கு நகர்த்த வேண்டும் என்று எனக்கு மனப்பாடம். எங்களைப் பார்த்ததுமே கண்டக்டர் இரண்டு பக்கமும் இடம் காலி செய்து வைத்தார். ஊருக்குள் பனிமூட்டத்தில் எதிரே வருகிற ஆள் தெரியாது, நான் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நடப்பேன். "ஏனுங்க, மழையே காணமே?" என்பார் டீக்கடைக்காரர். "உங்க கண்ணுக்குத் தெரியாதுங்க" என்பேன்.

அவளுக்கு உரிந்தது, ஆறியது. அவள் ஒருமுறைகூடப் பிய்க்கவில்லை. நான் மணிக்கட்டைப் பிடிக்கத் தயாராக உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம்.

கல்யாணத்தன்று மேடையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார் போட்டோக்காரர். அவள் கன்னத்தில் மங்கு இருக்கத்தான் செய்தது, பாதியளவுக்கு. முந்தானை இடுப்பில் செருகியிருந்தது. கை பேசாமல் தொங்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

போட்டோக்காரர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கினார். "பொண்ணோட அப்பா! கன்னத்துல ஏதோ ஒட்டிருக்குதுங்க. கொஞ்சம் தொடச்சுக்குங்க."

பழக்கதோஷத்தில் என் கை தோளில் கிடந்த புதுத் துண்டுக்குப் போனது. போவதற்குள் மணிக்கட்டில் ஒரு பிடி விழுந்தது. மகளும் மாப்பிள்ளையும் சிரிக்க, கேமரா அந்த நேரம் பார்த்து மின்னியது.

ஆல்பத்தில் அந்தப் படம்தான் பெரிதாக இருக்கிறது. இரண்டு நிறத்து மூஞ்சியோடு நான் திருதிருவென்று முழிக்கிறேன். பக்கத்தில் என் கையைக் கெட்டியாகப் பிடித்தபடி, முகத்தைத் திறந்துபோட்டு, அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள்.